வேட்பாளர் ‘நிஜமான ஆள்’ என்று பட்டால்தான் ஓட்டா? டெல்லித் தமிழர்களுக்கு ஒரு கேள்வி

9 பிப்ரவரி 2025, காலை (ஒரு வாசகர் கேட்டது)

நேற்று டெல்லி சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்துவிட்டது. பா.ஜ.க. 48, ஆம் ஆத்மி 22. பத்து வருடமாக எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே காரணத்தைச் சொல்லித்தான் ஓட்டுப் போட்டோம்: “கெஜ்ரிவால் நம்மை மாதிரி ஆள், வேஷம் போடத் தெரியாதவர்.” இந்தத் தடவை அதே வீட்டில் பாதிப் பேர் “எல்லாம் வேஷம்” என்கிறார்கள். ஆள் மாறிவிட்டாரா, நம் பார்வை மாறிவிட்டதா? ஒருவர் நிஜமானவர் என்று நமக்குப் படுவதற்கும் அவரை நம்பி ஓட்டுப் போடுவதற்கும் உண்மையிலேயே சம்பந்தம் இருக்கிறதா?

9 பிப்ரவரி 2025, இரவு

இருக்கிறது. நானே அப்படித்தான் ஓட்டுப் போட்டேன், அப்படித்தான் ஓட்டுக் கேட்டும் அலைந்தேன். 2013 நவம்பரில் ஆர்.கே.புரத்தில் செக்டர் செக்டராக, சர்க்கார் குவார்ட்டர்ஸ் மாடிப்படிகளில் ஏறி இறங்கினேன். அப்பா மத்திய அரசு ஊழியராக இருந்தவர். நான் தனியார் கம்பெனியில் கணக்கு வேலை, அதனால் ஆம் ஆத்மி தொப்பி போட்டுக்கொள்ளத் தடையில்லை. கதவைத் திறந்தவர்களில் ஜன்லோக்பால் என்ற ஊழல் ஒழிப்பு மசோதாவில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவர் ஒருவர்கூடக் கிடையாது. மூன்றாவது மாடியில் ஒரு அம்மாள், கையில் தோசைக் கரண்டியோடு வந்து கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “அவர் நிஜமாவே அந்தச் சின்ன நீலக் கார்லதான் போறாரா, இல்ல டிவிக்காரன் வரும்போது மட்டுமா?”

நிஜமாகத்தான் என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்ததில்லை. ஆனால் சொல்லும்போது துளி சந்தேகம் இல்லை எனக்கு.

அந்தத் தடவை எங்கள் தொகுதியில் 326 ஓட்டில் தோற்றோம். ஆனாலும் டிசம்பர் 28 அன்று அவர் கௌஷாம்பியிலிருந்து மெட்ரோவில் வந்து ராம்லீலா மைதானத்தில் பதவியேற்றபோது கூட்டத்தில் நின்றேன், கண் கலங்கியது. ஆகவே “சம்பந்தமே இல்லை” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். எந்த அளவுக்கு என்பது வேறு கேள்வி. நேற்று ஜங்புராவில் ஆம் ஆத்மியின் சிசோடியா 600 ஓட்டில் தோற்றார், அங்கே எத்தனை பேர் இந்தக் கணக்கில் மனசை மாற்றிக்கொண்டார்களோ.

10 பிப்ரவரி 2025

திருத்தம்: ஜங்புராவில் வித்தியாசம் 600 அல்ல, 675. அவசரத்தில் எழுதிவிட்டேன்.

10 பிப்ரவரி 2025, இரவு

“காருக்கும் ஆட்சிக்கும் என்ன சம்பந்தம், படித்தவர்கள் பேசும் பேச்சா இது” என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். கோபம் சரிதான். ஆனால் வேறு வழி என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். டெல்லியில் 1.55 கோடி வாக்காளர்கள், 70 தொகுதி. ஒரு தொகுதிக்குச் சராசரியாக இரண்டு லட்சத்துக்கு மேல் வருகிறது. இதில் வேட்பாளரோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மாப்பிள்ளை பார்க்கப் போனால்கூட நாலு பேரிடம் விசாரிக்கிறோம், அவன் அம்மாவிடம் எப்படிப் பேசுகிறான் என்று ஓரக்கண்ணால் பார்க்கிறோம். வேட்பாளர் விஷயத்தில் அந்த வசதியும் கிடையாது. கண்ணுக்குத் தெரிவது மஃப்ளர், செருப்பு, கார், இருமல். அதை வைத்து ஆளை எடை போட வேண்டியிருக்கிறது.

அந்தக் கார் விஷயம் வேடிக்கையானது. 2017 அக்டோபரில் தலைமைச் செயலகத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தபோது திருடு போனது, இரண்டு நாள் கழித்து காஜியாபாத்தில் கிடைத்தது. ஆதரவாளர் ஒருவர் கட்சிக்குக் கொடுத்த பழைய வேகன்ஆர், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு நாளும் எங்கள் ஆபீஸில் வேறு பேச்சே இல்லை. ஒருவருடைய சொந்த ஞாபகப் பொருள் தொலைந்த மாதிரி பேசினார்கள்.

இன்னொரு கார் நினைவுக்கு வருகிறது. மோதிலால் நேரு பிளேஸில் லால் பகதூர் சாஸ்திரி நினைவகம் இருக்கிறது, போகாதவர்கள் ஒருமுறை போய் வாருங்கள். அவருடைய ஃபியட் கார் அங்கே நிற்கிறது. விலை 12,000 ரூபாய், கையில் இருந்தது 7,000, மீதி 5,000 பஞ்சாப் நேஷனல் பேங்கில் கடன். அவர் 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் இறந்த பிறகு மனைவி லலிதா பென்ஷனிலிருந்து அந்தக் கடனை அடைத்தார். அந்தக் கடனைச் சொல்லி அவர் ஓட்டுக் கேட்டதாக நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. ஒரு தடவை அப்பா என்னை அங்கே கூட்டிப் போய், காருக்கு முன்னால் நிறுத்தி, ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றார். என் தலையில் ‘நல்ல தலைவர்’ என்றால் ‘சின்ன கார்’ என்று பதிந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். 2013-ல் அந்த அம்மாளிடம் சந்தேகமே இல்லாமல் பதில் சொன்னதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

13 பிப்ரவரி 2025

நாலைந்து பேர் ஒரே விஷயத்தை எழுதியிருக்கிறீர்கள்: வீடு. ஃப்ளாக்ஸ்டாஃப் ரோடு 6-ஆம் எண், கெஜ்ரிவால் முதலமைச்சராகக் குடியிருந்த பங்களா. சரி, பேசிவிடுவோம்.

2014 ஜனவரியில் பகவான் தாஸ் ரோட்டில் பெரிய வீடு ஒதுக்கினார்கள், எதிர்ப்பு வந்ததும் வேண்டாம் என்று விட்டார். 2023-ல் இந்த ஃப்ளாக்ஸ்டாஃப் ரோடு பங்களாவைப் புதுப்பிக்க சுமார் 45 கோடி ரூபாய் செலவு என்று செய்தி வந்தது. எதிர்க்கட்சி அதற்கு ‘ஷீஷ் மஹல்’ (கண்ணாடி மாளிகை) என்று பெயர் வைத்தது, தேர்தல் முழுக்க அந்தப் பெயர்தான். செலவு நியாயமா, யார் உத்தரவு, எது பொதுப்பணித்துறை முடிவு என்றெல்லாம் தனியாக விவாதிக்கலாம். நான் பார்ப்பது ஒன்றைத்தான். டெல்லியில் பெரிய பங்களாக்களுக்குப் பஞ்சமே இல்லை, லுட்யன்ஸ் பக்கம் ஒரு நடை போனால் தெரியும். அங்கே இருக்கும் எந்த நேதா திரைச்சீலைக்கு எவ்வளவு செலவழித்தார் என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. இவரிடம் கேட்டோம். ஏனென்றால் எளிமையை வைத்து ஓட்டு வாங்கியவர் இவர். எளிமையைக் காட்டி வாங்கிய நம்பிக்கை கடன் மாதிரி, வட்டி அதிகம், தவணை தவறினால் வீட்டு வாசலுக்கே வந்து கேட்பார்கள்.

13 பிப்ரவரி 2025, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதை நானே கொஞ்சம் பின்வாங்க வேண்டும். வீட்டினால்தான் தோற்றார் என்று சொன்னால் கணக்கு இடிக்கிறது. 2020-ல் ஆம் ஆத்மிக்கு 53.57 சதவீத ஓட்டு, இப்போது 43.57. பத்து சதவீதம் போயிருக்கிறது, பெரிய இறக்கம்தான். ஆனால் 43 சதவீதம் பேர் அப்படியே நிற்கிறார்கள், பா.ஜ.க.வுக்கும் அவர்களுக்கும் இரண்டு சதவீதம்தான் வித்தியாசம். நியூ டெல்லி தொகுதியில் அவர் தோற்றது 4,089 ஓட்டில். அங்கே காங்கிரஸின் சந்தீப் தீட்சித் வாங்கியதோ 4,568, அந்த வித்தியாசத்தைவிட அதிகம்.

அப்புறம் நம் பக்கத்துக் கதை. ஜனவரி 16-ஆம் தேதி எட்டாவது ஊதியக் குழு அறிவிப்பு, பிப்ரவரி 1 பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை, பிப்ரவரி 5 ஓட்டு. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இந்த மூன்று தேதிகளுக்கு நடுவில் யாராவது ‘நிஜத்தன்மை’ பற்றி யோசித்திருப்பார்களா? யோசித்திருப்பார்கள்தான், ஆனால் கையில் கால்குலேட்டரோடு.

16 பிப்ரவரி 2025

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது 78, முனிர்க்கா டி.டி.ஏ. ஃப்ளாட்டில் இருபத்தைந்து வருடம். இந்தி பேசுவாள், ஆனால் எல்லாவற்றையும் பெண்பாலில் பேசுவாள், பாலும் பெண், தண்ணீரும் பெண்.

இந்த வருடம் பொங்கலுக்கு எங்கள் பக்கத்தில் நடந்த விழாவுக்கு ஒரு வேட்பாளர் வந்தார். எந்தக் கட்சி, என்ன பெயர் என்பது இங்கே வேண்டாம். வேட்டி கட்டி வந்தார். ஒட்டிக்கோ வேட்டி. அதை மீறியும் இடுப்பில் ஒரு பெல்ட். ஜனவரிக் குளிரில் வேட்டிக்குக் கீழே உல்லன் சாக்ஸ் தெரிந்தது. மேடை ஏறும்போது முன்கொசுவத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார், பின்னால் வந்த பையன் காமிராவை வைத்துக்கொண்டு “சார், கையை விடுங்கள்” என்று கிசுகிசுத்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. வருடம் பூரா மதராஸி என்பார்கள், ஓட்டுக்கு வேட்டி கட்டுவார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தேன்.

மைக் பிடித்தவர் முதலில் சொன்னது இதுதான்: “வணக்கம். இதைக் கட்ட நேற்று ராத்திரிதான் கற்றுக்கொண்டேன், இன்னும் சரியாக வரவில்லை, கீழே விழுந்தால் நீங்கள்தான் பிடிக்க வேண்டும்.” இந்தியில்தான் சொன்னார். கூட்டம் சிரித்தது. அப்புறம் தண்ணீர் டேங்கர் பற்றி இரண்டு நிமிஷம் பேசினார், பொங்கல் சாப்பிட்டார், போய்விட்டார்.

அன்றைக்கே சாயங்காலம் இன்னொரு வேட்பாளர். கோட்டு சூட்டு. அவர் எடுத்த எடுப்பில் “நானும் பாதி மதராஸிதான், சின்ன வயதிலிருந்து இட்லி சாம்பார்தான் எனக்கு” என்றார்.

வீட்டுக்கு வந்து நான் முதல் ஆளைத் திட்டிக்கொண்டிருந்தேன். அம்மா உல்லன் நூலைப் பிரித்தபடியே சொன்னாள்: “வேட்டி அந்தப் பிள்ளைக்குப் பழக்கமில்ல, அதையும் அவனே சொல்லிட்டான். அதுல என்ன தப்பு? பழக்கம்னு சொன்னவன்தான் புளுகன்.”

இது எனக்குத் தோன்றவே இல்லை. நான் உடையைப் பார்த்தேன், அம்மா உடைக்கும் பேச்சுக்கும் பொருத்தம் பார்த்தாள். நாம் ‘நம்மை மாதிரி இருக்கிறாரா’ என்பதையும் ‘தன்னை மாதிரி இருக்கிறாரா’ என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம் என்று அன்றைக்குத்தான் பட்டது. சாதாரண ஆள் என்று காட்டிக்கொள்ள முடியாத பணக்காரரும் நேர்மையாக இருக்கலாம். செருப்புப் போட்டவர் செருப்பையே விளம்பரமாகப் போட்டிருக்கவும் கூடும்.

17 பிப்ரவரி 2025

அம்மா யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று கேட்கிறீர்கள். எனக்கே சொல்லவில்லை. “அது எனக்கும் மெஷினுக்கும்” என்றாள்.

21 பிப்ரவரி 2025

நேற்று ரேகா குப்தா பதவியேற்பு, அதே ராம்லீலா மைதானம். டிவியில் பார்த்தபோது 2014 ஜனவரி ஞாபகம் வந்தது. நினைவிருக்கிறதா, பதவியில் இருக்கும்போதே முதலமைச்சர் கெஜ்ரிவால் ரயில் பவன் பக்கம் ரோட்டிலேயே ராத்திரி படுத்தார், டெல்லி போலீஸுக்கு எதிராகத் தர்ணா, பக்கத்தில் அந்த நீலக் கார். ஜனவரி 20 ராத்திரி. டெல்லி ஜனவரியைத் தெரிந்தவர்களுக்கு அது என்ன குளிர் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த நாள் ஆபீஸில் இரண்டு கட்சி. “முதலமைச்சர் என்றால் இப்படி நடந்துகொள்ளலாமா, நௌடங்கி, வெறும் நாடகம்” என்று ஒரு பக்கம். “இத்தனை வருஷத்தில் நமக்காக ரோட்டில் படுத்தவர் யார்” என்று ஒரு பக்கம். போட்டோ ஒன்றேதான்.

இதை விளக்குகிற மாதிரி 2018-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. ஆலிவர் ஹால், மின்ஜே கிம், எஸ்ரா ஸக்கர்மன் சிவான் என்று மூன்று பேர். பொய் என்று எல்லோருக்கும் தெரிந்த பொய்யைச் சொல்லும், சபை நாகரிகத்தைக் கண்முன்னே மீறும் அரசியல்வாதியைச் சிலர் ஏன் ‘இவர்தான் அசல்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பது கேள்வி. பரிசோதனையில் கிடைத்த விடை, என் சொந்த வார்த்தையில்: அமைப்பே எங்களுக்கு எதிராக இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு, அந்த அமைப்பின் விதியை மீறுகிறவர் தைரியசாலியாகத் தெரிகிறார். பெரியவர்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொள்கிறாரே, அதுவே அவர் நம் பக்கம் என்பதற்கு ருசு. அமைப்பு சரியாகத்தான் ஓடுகிறது என்று நினைப்பவருக்கு அதே ஆள் வெறும் பொய்யர்.

பொய்யையும் தர்ணாவையும் ஒன்றாக வைக்கவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். விதியை மீறுவது யார் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பது மட்டும்தான் எனக்கு இதிலிருந்து வேண்டியது. 2010 காமன்வெல்த் விளையாட்டு ஊழல் பேச்சுக்கும் 2011 அண்ணா ஹசாரே உண்ணாவிரதத்துக்கும் பிறகு இந்த ஊரே அமைப்பின் மேல் கடுப்பில் இருந்தது. அந்த மனநிலையில் ரோட்டில் படுத்தவர் நிஜமானவராகத் தெரிந்தார். பத்து வருடம் கழித்து அவர்தான் அமைப்பு. இப்போது எதை மீறி எதைக் காட்டுவது? முதலில் கேள்வி கேட்ட நண்பருக்கு இதுதான் என் பாதி பதில்: ஆளும் மாறினார், நாமும் மாறினோம், ஆனால் எல்லாவற்றையும் விட அவர் நிற்கும் இடம் மாறிவிட்டது.

2 மார்ச் 2025

டீக்கடைக் கதை ஒன்று, நேரமில்லை, சுருக்கமாக.

2022 டிசம்பர் மாநகராட்சித் தேர்தல். முனிர்க்காவில் நான் டீ குடிக்கும் கடைக்கு ஒரு பார்ஷத் (கவுன்சிலர்) வேட்பாளர் வந்தார். குல்லடில், அதாவது மண் கோப்பையில், டீ வாங்கி ஒரு வாய் குடித்தார். போட்டோக்காரனுக்கு வெளிச்சம் போதவில்லை. பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து மறுபடி. மூன்றாவது தடவை குல்லடில் டீயே இல்லை, காலிக் குல்லடை உதட்டில் வைத்து, ஊதி, ஆற்றி, குடித்தார். நான் இரண்டடி தூரத்தில் நின்றேன், உள்ளே எதுவும் இல்லை என்று பார்த்தேன்.

அவர் போனதும் டீக்கடைக்காரரிடம், பிஹார்காரர், “என்ன பையா இது, காலிக் குல்லடு” என்றேன். அவர் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னார், “ஃபோட்டோ கே லியே ஆயா, பர் ஆயா தோ.” போட்டோவுக்குத்தான் வந்தான், ஆனா வந்தான்ல.

அவரைத் தேடி அதற்கு முன் ஐந்து வருடத்தில் எந்தக் கட்சிக்காரரும் வந்ததில்லை, பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போக மாநகராட்சி லாரி மட்டும்தான் வரும்.

9 மார்ச் 2025

டீக்கடைக்காரர் சொன்னது ஒரு வாரமாக மண்டையில் ஓடுகிறது. காலிக் குல்லடு எனக்கு அவமானமாக இருந்தது. அவருக்கு அது பொருட்டே இல்லை. காரணம் ஒன்றுதான். எனக்குத் தெரு விளக்கு எரியவில்லை என்றால் ஆன்லைனில் புகார் போடுவேன், ஆங்கிலத்தில் மிரட்டி மெயில் எழுதுவேன். வேட்பாளர் எனக்கு வேலை செய்து தர வேண்டும் என்ற அவசியமில்லை, அதனால் அவர் குணத்தை ரசிக்கவும் வெறுக்கவும் எனக்கு வசதி இருக்கிறது. பெஞ்சு பறிபோகிறவருக்குக் குணத்தைவிட ஃபோன் எடுக்கிற ஆள் முக்கியம். 200 யூனிட் மின்சாரம், 20,000 லிட்டர் தண்ணீர் இலவசம் என்பது சேரும்போது, கொடுத்தவர் மஃப்ளர் கட்டினாரா கோட்டுப் போட்டாரா என்று ஜுக்கியில், குடிசைப் பகுதியில், யாரும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஜெர்மனியில் சைமன் லூப்கே, இனெஸ் எங்கெல்மன் என்ற இருவர் அரசியல்வாதியின் நிஜத்தன்மையை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: சாதாரண மனிதராகத் தெரிவது, சொல்லும் செயலும் காலப்போக்கில் ஒத்துப்போவது, தயாரிப்பு இல்லாமல் மனதில் பட்டதைப் பேசுவது. படித்தபோது ‘அட’ என்றிருந்தது. நான் இத்தனை வருடம் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு மற்ற இரண்டும் கூடவே வரும் என்று நம்பியிருக்கிறேன். அம்மா பொங்கல் அன்று பார்த்தது மூன்றாவதை. நடுவில் இருப்பதுதான் கஷ்டமானது. அதை ஒரு நாளில் பார்க்க முடியாது, வருடக் கணக்கில் காத்திருந்து பார்க்க வேண்டும், தேர்தலோ அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

காமராஜரை இழுக்காமல் தமிழர் விவாதம் முடியாது என்று ஒருவர் எழுதியிருந்தார். இழுக்கிறேன். மூன்றும் இருந்த மனிதர். “ஆகட்டும் பார்க்கலாம்” என்பதற்கு மேல் வாக்குக் கொடுக்காதவர். 1967-ல் சொந்த ஊர் விருதுநகரில், மாணவர் தலைவராக இருந்த சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். அவர் வேஷக்காரர் என்று எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள்கூடச் சொல்லவில்லை. அரிசிப் பஞ்சமும் இந்தி எதிர்ப்பும் கட்சியின் மேல் இருந்த வெறுப்பும் சேர்ந்தன. நல்லவர் என்று நம்பினார்கள், ஆனாலும் ஓட்டுப் போடவில்லை. இதைச் சொல்லும்போது அப்பாவுக்குக் குரல் கம்மும். அவர் அப்போது டெல்லிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

19 ஏப்ரல் 2025

இடையில் ஆடிட் சீசன், எழுத முடியவில்லை.

“சரி, காத்திருந்து பார்க்க முடியாது என்றால் வேறு என்ன செய்வது” என்று கேட்டவருக்கு. வேட்புமனுவோடு கொடுக்கும் பிரமாணப் பத்திரம் இருக்கிறதே, படிவம் 26, அதைப் படியுங்கள். 2003-லிருந்து வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் எழுதியே ஆக வேண்டும், உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கும். நான் கணக்குக்காரன், எனக்கு இது சினிமா பார்க்கிற மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்து ஆள் ஒருவரின் இரண்டு பத்திரத்தை எடுத்து, பழைய தேர்தலுக்குக் கொடுத்தது ஒன்று, இந்தத் தேர்தலுக்கு ஒன்று, அம்மாவுக்கு உரக்கப் படித்தேன். நிலம், பேங்க், எல்.ஐ.சி. எதற்கும் அம்மா அசையவில்லை. மனைவி பெயரில் தங்க நகை கிராம் கணக்கு வந்ததும் நிமிர்ந்தாள். “போன தடவை எவ்வளவு?” சொன்னேன். “இப்போ?” சொன்னேன். “அதே கிராமா? அஞ்சு வருஷத்துல ஒரு மூக்குத்தி கூடவா வாங்கல? இது எழுதறதுக்காக எழுதினது.”

எனக்குத் திக் என்றது. ஒரு எண் மாறாமல் இருந்தால் நான் ‘நிலையான ஆள்’ என்று எழுதியிருப்பேன், அம்மா ‘காப்பியடித்த ஆள்’ என்றாள். அவள் சொன்னது சரியா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை, நிஜமாகவே வாங்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் செருப்பையும் சிரிப்பையும் பார்ப்பதைவிட இப்படிப் பார்ப்பது மேல். இரண்டு பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்றை மட்டும் படித்தால் ஒன்றும் தெரியாது.

3 ஜூன் 2025

முந்தாநாள் மதராஸி கேம்ப் இடித்துவிட்டார்கள். ஜங்புரா, பாராபுல்லா நாலா (கழிவுநீர்க் கால்வாய்) ஓரம். நாலாவை அடைப்பெடுக்க உயர் நீதிமன்ற உத்தரவு. 370 வீடு. அதில் 189 குடும்பத்துக்குத்தான் நரேலாவில் வீடு பெறத் தகுதி என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலாக இருந்த இடம், நம் ஜனங்கள், பக்கத்து காலனிகளில் வீட்டு வேலை செய்து பிழைத்தவர்கள்.

பிப்ரவரியில் நான் இங்கே 675 என்று திருத்தம் போட்டேன் இல்லையா. அதே தொகுதிதான். ஜனவரியில் அந்தச் சந்துக்குள் வராத கட்சி இல்லை. “ஜஹா ஜுக்கி வஹா மகான்” என்று எல்லா சுவரிலும் இருந்தது. குடிசை இருக்கும் இடத்திலேயே வீடு.

நான் இத்தனை நாள் மஃப்ளரையும் குல்லடையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியதை நினைத்தால் ஒரு மாதிரியாக இருக்கிறது. இன்றைக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

15 ஜூன் 2025

இன்று நரேலா போய் வந்தேன். என் சித்தி வீட்டில் பதினாறு வருடம் சமையல் செய்த அக்காவுக்கு அங்கே வீடு கிடைத்திருக்கிறது. ஊர் விழுப்புரம் பக்கம். ஜங்புராவிலிருந்து கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். நான் போகவே இரண்டு மணி நேரம் ஆனது, அவர் தினம் வேலைக்கு வந்து போவது நடக்காது. நான்காவது மாடி. கதவில் தாழ்ப்பாள் இல்லாமல் துப்பட்டாவால் கட்டியிருந்தார்.

டீ போட்டுக் கொடுத்தார். நான் இந்தக் கேள்வியையே கேட்டேன்: “அக்கா, ஜனவரியில வந்தவங்கள்ல யாரை நம்பினீங்க?”

கொஞ்சம் யோசித்தார். “எல்லாரும் நல்லாத்தான் பேசினாங்க தம்பி. ஒருத்தரு எங்க வீட்டு வாசல்ல உக்காந்து சோறு சாப்பிட்டாரு. நெசமாவே சாப்பிட்டாரு, ரெண்டாந்தரம் ரசம் கேட்டாரு. நடிப்பு இல்ல அது, எனக்குத் தெரியும், சோறு போடறவளுக்குத் தெரியாதா? எது வந்தாலும் நான் இருக்கேன்னாரு. அவருக்குத்தான் போட்டேன்.”

“இடிக்கும்போது வந்தாரா?”

“இல்ல.”

ஆனால் கோபமாகச் சொல்லவில்லை. “அன்னிக்கு சாப்பிட்டது பொய்யில்ல” என்று மறுபடி சொன்னார், எனக்கு விளக்குகிற மாதிரி. நான் என்ன சொல்வேன். மனதாரப் பேசுவதும் பேசியபடி நிற்பதும் இரண்டு வேறு திறமை என்று மார்ச்சில் ஒரு ஆய்வை வைத்துப் படித்துப் புரிந்துகொண்டதை, அவர் ரசக் கரண்டியை வைத்தே புரிந்துகொண்டிருக்கிறார். அந்த மனிதரை இன்னமும் நல்லவர் என்றுதான் சொல்கிறார். அடுத்த தடவை அவருக்கு ஓட்டு உண்டா என்று கேட்டதற்கு மட்டும் தலையை ஆட்டினார், இல்லை என்று.

அவருடைய இரண்டாவது பெண் எட்டாம் வகுப்பு முடித்தவள். ஜூலையில் பள்ளி திறக்கிறது, நரேலாவில் எந்தப் பள்ளியில் சேர்ப்பது, பழைய பள்ளியிலிருந்து மாற்றல் எப்படி வாங்குவது என்று ஒன்றும் தெரியாமல் இருக்கிறார். தமிழ்ப் பள்ளியில் படித்த பெண். தகர டப்பாவிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தார், சாப்பிட்டுப் போனவர் கொடுத்தது, பின்பக்கம் பேனாவால் ஒரு மொபைல் எண். “இது அவரே எழுதினது, அச்சடிச்சது இல்ல. நீ ஒரு தடவை பேசிப் பாரு தம்பி, நீ பேசினா கேப்பாங்க.”

வெளியே வந்ததும் அடித்தேன். எடுக்கவில்லை. மெட்ரோவில் ஒருமுறை அடித்தேன், எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சரி.

24 ஜூன் 2025

நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன வாரம் முழுக்கத் தினம் ஒரு தடவை அடித்தேன். நேற்று எடுத்தார்கள். அவர் இல்லை, கூட இருக்கும் ஒரு பையன். பெண் பெயர், வகுப்பு, பழைய பள்ளி, நரேலா வீட்டு ஒதுக்கீட்டு எண் எல்லாம் கேட்டான், வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்திருக்கிறது.

நரேலா பக்கம் பள்ளிச் சேர்க்கை தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள். அந்தப் பையனை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது, இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது.